வந்து சேர்ந்த நேரம், நடந்த நேரம் அல்ல

வேகம் வேறு, தாமதம் வேறு. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கருவிகளோடும் கம்பிகளோடும் ரேடியோ பெட்டிகளோடும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துப் போனது. இன்றைக்கும் யாரிடமாவது "உங்கள் இன்டர்நெட் எப்படி?" என்று கேட்டால் 100 எம்.பி., 200 எம்.பி. என்று வேகத்தைத்தான் சொல்கிறார்கள். சொன்ன சொல் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்துகிறார்கள். நம் வீட்டுச் செல்போனில் பந்து வீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறார். படம் தெளிவாகத்தான் இருக்கிறது, வேகத்திலும் குறை இல்லை. ஆனால் நாம் பார்ப்பது அரை நிமிடத்துக்கு முந்தைய உலகம். கிரிக்கெட்டில் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதே தாமதம் ஒரு மனிதரின் இன்கிரிமென்ட்டை வெட்டப் போன கதை ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

குடிநீர்த் திட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுப்படுகையில் கிணறு, அங்கே பம்ப், வழியில் பூஸ்டர் ஸ்டேஷன், ஊர் ஊருக்கு மேல்நிலைத் தொட்டி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எந்த பம்ப் ஓடுகிறது என்பதை ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கும். இருபது முப்பது கிலோமீட்டருக்குக் கம்பி இழுக்க முடியாது. இழுத்தாலும் தங்காது, செம்புக்கு உள்ள மதிப்பு எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரேடியோ மோடம். கருவி தரும் எண்களை வாங்கி, வானொலி அலையாக மாற்றி, அந்தப் பக்கம் மறுபடி எண்களாகக் கொடுப்பதுதான் அதன் வேலை.

விற்கிறவர் என்ன சொல்வார்? "சார், கம்பி இருந்த இடத்தில் இதை வையுங்கள். கருவிக்கு வித்தியாசமே தெரியாது." இதில் பாதிதான் உண்மை. கம்பியில் ஓர் எழுத்து இந்த முனையில் நுழைந்தால் அந்த முனையில் உடனே வெளியே வரும். மோடத்தில் அப்படி இல்லை. அது எழுத்துகளை முதலில் தன் வயிற்றில் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. அந்த வயிற்றுக்குப் பெயர் பஃபர்.

நம் ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறியதும் அது கிளம்புவதில்லை. இடம் நிறைய வேண்டும், அல்லது "இனி யாரும் வரமாட்டார்கள்" என்று டிரைவருக்குத் தோன்ற வேண்டும். ரேடியோ மோடமும் இப்படித்தான். பஃபர் குறிப்பிட்ட அளவு நிறைந்தால் கிளம்பும். இல்லையென்றால், கொஞ்ச நேரம் புதிதாக எழுத்து எதுவும் வராவிட்டால், செய்தி முடிந்தது என்று முடிவு செய்து கிளம்பும்.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? காரணம் இருக்கிறது, மோடத்தைத் திட்டிப் பயனில்லை. ரேடியோ டிரான்ஸ்மிட்டரை ஓர் எழுத்துக்காக ஆன் செய்து ஓர் எழுத்துக்காக ஆஃப் செய்ய முடியாது. ஆன் செய்தால் அது நிலைப்படச் சிறிது நேரம் வேண்டும். எதிர்ப்பக்க ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்ள முன்னுரையாகச் சில துடிப்புகள் அனுப்ப வேண்டும். ஒரே அலைவரிசையில் பலர் இருப்பதால் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். போன செய்தி பழுதாகிவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். திரும்ப அனுப்ப வேண்டுமானால், அதுவரை செய்தியை வைத்திருக்க ஓர் இடம் வேண்டுமே!

இது பழைய கதைதான். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளைக் கம்ப்யூட்டரோடு ரேடியோவில் இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். வேகம் விநாடிக்கு 9600 பிட். அவரவர் நினைத்த நேரத்தில் பேசலாம். இரண்டு பேர் ஒன்றாகப் பேசிச் செய்தி மோதிக்கொண்டால், பதில் வராததை வைத்து அதைத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். ரேடியோவில் டேட்டா அனுப்பத் தொடங்கிய காலத்திலேயே காத்திருப்பும் தொடங்கிவிட்டது.

இப்போது கொஞ்சம் கணக்கு. வானொலி அலைக்கு 30 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆக, தாமதம் தூரத்தால் வருவதல்ல. சீரியல் கம்பியில் 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட், ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. கட்டுப்பாட்டு அறை ஒரு கருவியிடம் "பத்து எண்களைச் சொல்" என்று கேட்க மோட்பஸ் மொழியில் 8 எழுத்து. பதிலுக்கு 25 எழுத்து. கம்பியில் கேள்வி, பதில், நடுவில் கருவி யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து நூறு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும்.

ரேடியோவில்? அந்தக் காலத்து வி.எச்.எஃப். மோடம்கள் பலவற்றில் பெட்டியின் மேல் 9600 என்று எழுதியிருக்கும். அது கம்பி முனையின் வேகம். காற்றில் போகும் வேகம் 1200 தான். 25 எழுத்து காற்றில் போகவே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். பெரிய புனலில் குடம் குடமாக ஊற்றலாம், அடியில் சொட்டுகிற அளவுதானே சொட்டும்? நடுவில் மலையோ உயரமான கட்டடமோ இருந்தால் ஒரு ரிப்பீட்டர் போடுவார்கள். அது முழுச் செய்தியையும் வாங்கி வைத்து, பிறகு முதலிலிருந்து அனுப்பும். ஆக, இரண்டு மடங்கு. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஒரே ஒரு கேள்வி பதிலுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஓடிவிடும். இது நல்ல நாளில். மழை நாளில் செய்தி பழுதாகி மறுபடி மறுபடி அனுப்பினால் அது இரண்டு, மூன்று விநாடி கூட ஆகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மோட்பஸ் என்பது 1979-இல் அமெரிக்காவின் மோடிகான் கம்பெனி கம்பிக்காக உருவாக்கிய மொழி. அதில் "செய்தி முடிந்தது" என்பதற்குத் தனி அடையாளம் கிடையாது. மூன்றரை எழுத்து நேரம் மௌனமாக இருந்தால் முடிந்தது என்று பொருள். 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லி விநாடி மௌனம். ஆனால் கம்ப்யூட்டரில் இப்போது சீரியல் வாயே கிடையாது. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் போடுகிறோம். அதற்குள்ளும் ஒரு பஃபர். பரவலாகப் பயன்படும் ஒரு சிப்பில் தொழிற்சாலையிலேயே வைத்துவிடும் காத்திருப்பு 16 மில்லி விநாடி! கம்ப்யூட்டர் ஒரு நொடி வேறு வேலையில் கவனம் வைத்து நடு வாக்கியத்தில் மூச்சு வாங்கினால், மோடம் வாக்கியம் முடிந்தது என்று நினைத்து அரை வாக்கியத்தை அனுப்பிவிடும். மறுமுனைக் கருவி அதைக் குப்பை என்று தள்ளிவிடும். இதைத் தவிர்க்க மோடத்தை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லலாம். செய்தி உடையாது, தாமதம் கூடும். ஒன்று வேண்டுமானால் இன்னொன்றை விட வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. சீரியல் மோட்பஸ் பதிலில் "நான் இன்ன நிலையம்" என்று இருக்கும். "நீ கேட்ட இன்ன கேள்விக்கு இது பதில்" என்று இருக்காது. ஒரே நிலையத்திடம் முதலில் தொட்டி மட்டம் கேட்கிறோம். பதில் பஃபரில் மாட்டிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் பொறுமையிழந்து அடுத்த கேள்வியாகக் குழாய் அழுத்தம் கேட்கிறது. அப்போது பழைய பதில் வந்து சேருகிறது. நீளமும் ஒன்றாக இருந்துவிட்டால், தொட்டி மட்டத்தை அழுத்தம் என்று கம்ப்யூட்டர் திரையில் எழுதிவிடும். எண் உண்மையான எண்தான். கேள்விதான் மாறிவிட்டது. பின்னால் வந்த டி.சி.பி. வகை மோட்பஸில் ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்து இதைச் சரிசெய்தார்கள். பழைய சீரியல் வகை இன்றும் எத்தனையோ இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த ஆபரேட்டர் கதைக்கு வருகிறேன். ஊர் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம்.

ஒரு பூஸ்டர் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். நல்ல மழை. மேலே உள்ள பம்ப் கரன்ட் போய் நின்றுவிட, இங்கே சம்ப்பில் தண்ணீர் இறங்கிவிட்டது. பம்ப் சத்தம் மாறியதைக் கேட்டு அந்த ஆபரேட்டர் ஓடிப்போய் நிறுத்தினார். லாக் புக்கில் "2.11 நிறுத்தப்பட்டது" என்று எழுதினார். மறுநாள் பார்த்தால் பம்ப்பின் சீல் கருகியிருந்தது. கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரில் பிரின்ட் எடுத்தார்கள். அதில் பம்ப் 2.14 வரை ஓடியதாக இருந்தது. முடிந்தது கதை. மூன்று நிமிடம் தூங்கிவிட்டார், பிறகு நிறுத்திவிட்டு நேரத்தை மாற்றி எழுதினார் என்று மெமோ. பம்ப்பைக் கெடுத்தது ஒரு குற்றம், பொய் எழுதியது இன்னொரு குற்றம்.

என்னிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான். "சார், நான் வாட்ச் பாத்துத்தான் எழுதினேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கிறாங்க. அப்ப நான் பொய்யா சார்?"

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். அவர் எழுதியது பம்ப் நின்ற நேரம். கம்ப்யூட்டர் எழுதியது பம்ப் நின்ற செய்தி தன்னிடம் வந்து சேர்ந்த நேரம்.

மூன்று நிமிடம் எப்படி வந்தது? அந்த அமைப்பில் 24 நிலையங்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்கும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல. ஒரு நிலையத்துக்கு ஒரு விநாடி. பதில் இல்லையென்றால் 2 விநாடி காத்திருந்து, மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஆக, பேசாத நிலையம் ஒவ்வொன்றும் 6 விநாடியைத் தின்றுவிடும். அன்றைய மழையில் 8 நிலையங்கள் தடுமாறிக்கொண்டிருந்தன. 16 நிலையத்துக்கு 16 விநாடி, 8 நிலையத்துக்கு 48 விநாடி. ஒரு சுற்றுக்கு 64 விநாடி. பம்ப் ஓடுகிறது என்று ஒரு சுற்றில் பதில் வந்த கையோடு அவர் நிறுத்துகிறார். அடுத்த இரண்டு சுற்றிலும் அவருடைய நிலையத்தின் பதில் ரிப்பீட்டர் வழியாகத் தட்டுத் தடுமாறி 2 விநாடி கழித்து வருகிறது. "நேரம் கடந்தது" என்று கம்ப்யூட்டர் தள்ளிவிடுகிறது. மூன்றாவது சுற்றில்தான் சரியான பதில். மூன்று 64 எத்தனை? 192 விநாடி. மூன்று நிமிடம் 12 விநாடி.

இது ஊகம் அல்ல. அதே கம்ப்யூட்டரில் "தொடர்பு கிடைக்கவில்லை" என்ற இன்னொரு பட்டியல் உண்டு. அதை யாரும் பிரின்ட் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது 2.11-க்கும் 2.14-க்கும் நடுவில் அவருடைய நிலையம் இரண்டு சுற்று விட்டுப் போயிருந்தது. அவருடைய வாட்ச் தப்பாக இருக்கலாமே என்றார் ஒருவர். ஷிப்ட் மாறும்போது கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து மணி கேட்டு வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அன்றும் கேட்டிருக்கிறார், அதுவும் பதிவாகியிருந்தது.

இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்கிரிமென்ட் வெட்டு நின்றது. ஆனால் உத்தரவில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "இனி கவனமாக இருக்குமாறு எச்சரித்து முடித்து வைக்கப்படுகிறது." செய்யாத தவறுக்கு எச்சரிக்கை! அவர் அதைச் சர்வீஸ் புத்தகத்தில் சுமந்தபடியே ஓய்வு பெற்றார். கம்ப்யூட்டருக்கு எச்சரிக்கை கிடையாது, அதை அமைத்தவர்களுக்கும் கிடையாது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். நம் காலத்துத் தபாலை நினைத்துப் பாருங்கள். ஒரு கடிதத்தில் இரண்டு முத்திரை இருக்கும். போட்ட ஊர் முத்திரை ஒன்று, வந்து சேர்ந்த ஊர் முத்திரை ஒன்று. கடிதம் எங்கே தாமதமானது என்று பையனுக்கும் தெரியும். தந்தியில் கொடுத்த நேரம் குறித்திருக்கும். 2013 ஜூலையில் நாடு தந்திக்கு விடை கொடுத்தது. அதோடு அந்த நல்ல பழக்கத்துக்கும் விடை கொடுத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் அமைப்புகள் பலவற்றில் இருப்பது ஒரே முத்திரை, வந்து சேர்ந்த முத்திரை மட்டும். அதையே நடந்த நேரம் என்று நம்புகிறோம்.

வழி இல்லாமல் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் மின்துறைக்காக உருவான டி.என்.பி. 3 என்ற மொழியில், சம்பவம் நடந்த இடத்திலேயே நேரம் குறித்து அனுப்பலாம். செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, அதைக் கழித்துக் கடிகாரத்தைச் சரிசெய்யவும் அதில் ஏற்பாடு உண்டு. தாமதம் இருக்கும் என்று ஒப்புக்கொண்டு வடிவமைத்தார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான். தாமதத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆகவே, குடிநீரோ மின்சாரமோ வேறு எதுவோ, இப்படி ஓர் அமைப்பை வாங்குகிறவர்கள் டெண்டரில் வேகத்தை மட்டும் கேட்காமல், மோசமான நாளில் ஒரு செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்க வேண்டும். மழை நாளில், ரிப்பீட்டர் வழியாக, பாதி நிலையங்கள் தடுமாறும்போது சோதித்துப் பார்க்க வேண்டும். நேரத்தை நடந்த இடத்தில் குறிக்க வேண்டும். திரையில் ஓர் எண் இருந்தால் அது எத்தனை விநாடி பழைய எண் என்பதும் தெரிய வேண்டும். பதில் வராத நிலையத்தின் பழைய எண்ணைப் புதியது போலப் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருப்பது, என்னைக் கேட்டால், ஏமாற்று வேலைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டர் பிரின்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது.

"ஒவ்வொரு நிலையத்திலும் கடிகாரம் வைத்தால் அது ஓடிப்போகும், சரிசெய்ய ஆள் வேண்டும்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஐந்து விநாடி பிசகிய கடிகாரம் மூன்று நிமிடம் பிசகிய பிரின்ட்டை விட மேல். பேட்டரி போட்ட கடிகாரச் சிப் ஒன்றும் யானை விலை குதிரை விலை அல்ல.

"இப்போது ஃபைபர் வந்துவிட்டது, 4ஜி வந்துவிட்டது, ரேடியோ மோடம் பழைய சரக்கு" என்றும் சொல்வார்கள். பழைய சரக்குதான். ஆனால் பஃபர் எங்கேயும் போகவில்லை. வழி நெடுக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கடையில் பணம் அனுப்பிவிட்டு நிற்கிறோம். நம் போனில் போய்விட்டது என்று வருகிறது, கடைக்காரரின் பேசும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. அவர் நம்மை ஒரு பார்வை பார்க்கிறார். ஏழையாகத் தெரிகிறவர் நின்றால் அந்தப் பார்வை இன்னும் கூர்மையாக இருக்கும். அந்தப் பெட்டி பேசாவிட்டால் பணம் வரவில்லை என்று பொருள் அல்ல, செய்தி வரவில்லை என்றுதான் பொருள். இந்த வித்தியாசம் தெரியாததால் பழியை மனிதன் தலையில் போடுகிறோம்.

கருவி சொல்வதும் மனிதன் சொல்வதும் வேறுபட்டால், முதலில் இரண்டும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று பாருங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் விசாரியுங்கள். உங்களில் யாராவது இன்னும் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அப்பாவாகவோ மாமனாராகவோ இருந்தால், இதை ஒருமுறை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.